முதல் உதைக்கு உரியவர்

ஆதியாளர் என்றோர் இனம் இவ்வுலகில் உண்டு. நீங்கள் எந்தப் பொருளைப் பற்றி வாய் திறந்தாலும், அந்தப் பொருள் முதன்முதலாகத் தோன்றியது தம் வீட்டுக் கொல்லையில்தான் என்பதை, கோபம் கொள்ளாமல், குரலை உயர்த்தாமல், பருவமும் கிழமையும் காற்றின் திசையும் பிசகாமல் எடுத்துரைப்பவர் எவரோ அவரே ஆதியாளர். அவர் பொய்யர் அல்லர். பொய்யருக்குத் தாம் சொல்வது பொய் என்ற நினைப்பாவது இருக்கும்.

நம் பக்கத்தில் குளமும் கோபுரமும் உள்ள ஊர்கள் யாவற்றுக்கும் தனித்தனியே ஒரு தலபுராணம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் படைப்பு அந்தந்த ஊர்க் குளக்கரையிலிருந்தே தொடங்குகிறது. படித்துப் பழகியவர்களுக்கு இதில் வியப்பில்லை. பிரமன் ஒருவன்தான், குளங்கள்தாம் பல. இதே இலக்கணம் வடகடலில், காற்றும் ஆடுகளும் மனிதரும் அந்த வரிசையிலேயே மிகுந்திருக்கும் பரோயே தீவுகளிலும் வழுவாமல் நடக்கிறது என்பதற்குச் சான்று வேண்டுமா? தோர்விக் என்னும் ஊருக்கு வாருங்கள். மேட்டுவீட்டு மிக்கியாலைச் சந்திக்கலாம். சந்திக்காமல் திரும்புவதுதான் கடினம்.

மிக்கியாலின் பொருள் கால்பந்து. அந்தத் தீவுகளில் வேறு எந்தப் பொருளை ஒருவர் தேர்ந்தெடுக்க முடியும்? மீன்பிடி படகு என்றைக்குக் கரை திரும்புவது என்பதை மீன்கள் தீர்மானித்த காலம் போய், சனிக்கிழமை ஆட்டம் தீர்மானிக்கும் காலம் வந்து பல தலைமுறைகள் ஆகின்றன. பேருந்து ஓட்டுபவர் இலக்கைக் காக்கிறார். பல் மருத்துவர் இடப்பக்கம் தடுத்தாடுகிறார். வெள்ளிக்கிழமை அவரிடம் பல்லைப் பறிகொடுத்தவர் சனிக்கிழமை அவர் கணுக்காலைத் தேடி வருகிறார். மட்டையால் அடிக்கும் பந்துகளைக் காற்று அயல்நாட்டுக்குக் கொண்டுபோய்விடும். துடுப்புப் படகுப் போட்டி கோடைக்கு மட்டும். கைகோத்து ஆடும் வட்டநடனம் குளிர்காலத்துக்கு மட்டும். எஞ்சிய நாட்களெல்லாம் உதைப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டவை.

இந்த ஆட்டம் இங்கே எப்படி வந்தது என்று படகுத்துறையில் நிற்கும் யாரைக் கேட்டாலும், கப்பல்கள் வந்தன, மாலுமிகள் உதைத்தார்கள், பார்த்துக்கொண்டிருந்த நாமும் உதைத்தோம் என்று, வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லிவிடுவார்கள். மிக்கியாலைக் கேட்டால் நீங்கள் உட்கார வேண்டும். காப்பி வரும். கறுப்பு ரொட்டியின் மேல் காற்றில் உலர்த்திய ஆட்டிறைச்சி வரும். உண்டு முடிக்கும் வேளையில் பாயிரம் முடிந்திருக்கும்.

புராணம் இதுதான். முப்பாட்டன் காலத்து வசந்தத்தில், கூரைப் புல்லைப் பறித்தெறியும் பெருங்காற்றில், சுக்கான் முறிந்த ஆங்கிலக் கப்பலொன்று தோர்விக் குடாவில் ஒதுங்கியது. பழுது பார்க்கும் நாட்களில் மாலுமிகள் தேவாலயத்துக்குக் கீழே இருந்த வைக்கோல் நிலத்தில், அதாவது ஊரிலேயே படுத்தால் உருளாமலிருக்கக்கூடிய ஒரே நிலத்தில், பந்தாடினார்கள். புறப்படும்போது கப்பல் தலைவர் உலர்ந்த ஆட்டுத்தொடை ஒன்றைப் பெற்றுக்கொண்டு பந்தைக் கொடுத்துவிட்டுப் போனார். மேட்டுவீட்டு ஹானுஸ், அதாவது மிக்கியாலின் முப்பாட்டனார், அந்தப் பந்தைப் புல்லின் மேல் வைத்தார், பின்வாங்கினார், ஓடிவந்து உதைத்தார். பந்து கல்லறைத் தோட்டத்துச் சுவரைத் தாண்டி, பிரசங்கத்தை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தபடி நின்ற பாதிரியாரின் காலடியில் விழுந்தது. ஓய்வு நாளையும் ஒழுக்கத்தையும் காக்க வந்த அந்த மனிதர் பந்தைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், ஒரு காலைத் தூக்கினார்.

இந்த இடத்தில் மிக்கியால் காப்பியை ஒரு மிடறு அருந்துவார்.

பிறகு, பாதிரியார் பந்தைத் திருப்பி உதைத்தார் என்றும், அந்தக் கணத்தில்தான் இந்நாட்டில் கால்பந்து வேர்விட்டது என்றும், மற்ற ஊர்களில் நடந்தவையெல்லாம் வெறும் உதைகள் என்றும் புராணம் நிறைவுறும். கேட்பவர் புதியவராயின் சுவர் தேவாலயக் கூரையளவுக்கு உயரும். பழகியவராயின் தாழும்.

அவருடைய மனைவி ரக்னா இந்தக் கதையை மணநாளிலிருந்து கேட்டுவருகிறார். பின்னல் ஊசிகளை நிறுத்தாமல், உதடுகளை மட்டும் அசைத்துக் கூடவே சொல்வார். ஒருநாள் மிடறு வழக்கத்தைவிட நீண்டுவிட்டபோது, ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: “நீ காப்பி குடிச்சு முடிக்கிற வரைக்கும் அந்தப் பாதிரியார ஒத்தக் கால்லயே நிக்க வச்சிருக்க. பாவம், வயசானவரு.”

எந்தப் பேச்சிலிருந்தும் அந்த வைக்கோல் நிலத்துக்கு ஒரு குறுக்குவழி போட்டுவிடும் திறமை ஆதியாளருக்குப் பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. வானிலை கெட்டிருக்கிறது என்பீர்கள். அன்றைக்கும் இப்படித்தான் என்பார். முழங்கால் வலிக்கிறது என்பீர்கள். உதைத்த மறுநாள் ஹானுஸுக்கும் வலித்தது என்பார். இழவு வீட்டில் எல்லோரும் தலைகுனிந்து நிற்கையில், மறைந்தவர் நல்லவர், அவருடைய பாட்டனார்தாம் அன்று காற்று மேற்கே திரும்பியதை முதலில் கவனித்தவர் என்று மெல்லிய குரலில் இரங்கற்பா படிப்பார். ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தை காலை உதறினால் போதும். மற்றவர்கள் குழந்தைக்குக் குளிர்கிறது என்றே நினைப்பார்கள்.

அவர் தாமே பந்தாடியதுண்டா? இந்தக் கேள்வியை ஊரில் யாரும் கேட்பதில்லை. விடை எல்லோருக்கும் தெரியும். ஆட்டத்திடல் கடலை ஒட்டியிருப்பதால், காற்று கொண்டுபோகும் பந்துகளை மீட்டுவர ஒருவர் துடுப்புப் படகில் காத்திருப்பது அங்கே வழக்கம். இளமையில் பல பருவங்கள் அந்தப் படகில் இருந்தவர் மிக்கியால். பந்து எப்போது நீரில் விழுமோ என்று அலையைப் பார்த்தபடி, திடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். தம் ஊர் அடித்த இலக்குகளில் ஒன்றையும் அவர் கண்டதில்லை. கேட்டிருக்கிறார். கரையின் ஆரவாரத்தைக் கொண்டே யார் அடித்தது என்று சொல்லும் செவி அவருக்கு வாய்த்தது. இந்தச் செய்தி புராணத்தில் இடம்பெறுவதில்லை.

இப்படி இருக்கையில் தலைநகரிலிருந்து ஒரு கல் வருவதாகச் செய்தி வந்தது.

நாட்டில் கால்பந்து வேர்விட்டதன் நினைவாக ஒரு விழாக் குழு அமைந்திருந்தது. முதல் உதை நடந்த இடத்தில் ஒரு நினைவுக்கல் நடுவதென்றும், அதில் ஒரே ஒரு பெயரைச் செதுக்குவதென்றும் குழு முடிவு செய்தது. ஊர்தோறும் ஒரு முதல் உதை இருந்தமையால் தேர்வு எளிதாக இல்லை. இறுதியில் தோர்விக்கின் பெயர் முன்னால் வந்தது. அதன் கதை மற்றவற்றைவிட நன்றாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. குழுவின் செயலர் தைதூர் நேரில் வந்து இடத்தைப் பார்ப்பார். விழாப் புத்தகத்துக்கென்று அந்த உதையை ஒருமுறை நடித்துக் காட்டினால் படம் எடுத்துக்கொள்வார். அதன்பின் பெயர் கல்லேறும்.

ஹானுஸ் என்ற பெயர் கல்லில் ஏறவேண்டும். மிக்கியாலுக்கு வாழ்வில் வேறு விண்ணப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. கல்லைத் தொட்டுப் பார்ப்பதுபோல அந்த வாரம் முழுதும் காற்றில் விரலால் எழுதிக்கொண்டே நடந்தார். ரக்னா இரண்டு முறை வழிவிட்டு ஒதுங்கினார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் ஊரே வைக்கோல் நிலத்தில் கூடியது. எப்படியும் பிற்பகல் ஆட்டத்துக்கு அந்த வழியாகத்தானே போகவேண்டும்? குடாவுக்கு அக்கரையிலுள்ள ஹோல்நெஸ் ஊரிலிருந்தும் சிலர் படகில் வந்திருந்தார்கள். அவர்களோடு, அவ்வூர்ப் படகுத்துறைக் கடையை நடத்தும் தூரியும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அந்தக் கடையில் காப்பி வாங்கும்போதெல்லாம் மிக்கியால் புராணத்தைச் சொல்லியிருக்கிறார். தூரி கேட்டுக்கொண்டு சில்லறை கொடுத்திருக்கிறார். ஒருநாளும் மறுத்ததில்லை. இப்படிப்பட்ட நல்ல செவிகள் அக்கரையில் இருப்பது மிக்கியாலுக்கு நெடுநாளாகவே ஆறுதல்.

வெள்ளிப் பொத்தான் வைத்த அரைச்சட்டையும் முழங்கால்வரைக் கால்சட்டையுமாக, திருநாள் உடையில் மிக்கியால் நடுவே வந்தார். பழைய பாணியில் தைத்த தோல் பந்தைப் புல்லின் மேல் வைத்தார். பின்வாங்கினார். தைதூர் படக்கருவியை உயர்த்தினார்.

பந்து புறப்பட்டுவிட்டது.

உதைப்பதற்கு முன்பே, ஒருவரும் தொடாமலே, தனக்கு வேறு வேலை இருப்பதுபோல் அது கடலை நோக்கி உருண்டு போயிற்று. ஓர் ஆடு அதைப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. பந்தைக் கொண்டுவந்தார்கள். மிக்கியால் வைத்தார், பின்வாங்கினார், பந்தும் பின்வாங்கியது. மூன்றாம் முறை அதைப் புல்லோடு புல்லாக அழுத்தி வைத்துவிட்டு, கண்டிக்கும் பார்வையுடன் மெதுவாக அகன்றார். காற்று தலபுராணம் படித்ததில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தத் தீவுகளில் நிற்கும் பந்தை எவரும் தனியே உதைப்பதில்லை. தண்டனை உதையோ மூலை உதையோ, கூட்டாளி ஒருவர் குப்புறப் படுத்து ஒரு விரலால் பந்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் உதைப்பார். இது மூச்சு விடுவதுபோல அவர்களுக்குப் பழகிப்போன செயல். ஆகையால்தான் பிடிப்பவரை யாரும் கணக்கில் வைப்பதில்லை. உதைத்தவர் பெயர் நாளிதழில் வரும். பிடித்தவருக்குச் சட்டையில் சேறு வரும்.

பல் மருத்துவர் கூட்டத்திலிருந்து இயல்பாக முன்வந்து, “பிடிக்கட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே பாதி குனிந்தும்விட்டார். வேண்டாம், ஹானுஸ் தனியாகத்தான் வைத்தார், என்று மிக்கியால் அவரை நிமிர்த்தினார். தைதூர் படக்கருவியைத் தாழ்த்திவிட்டு, மிகுந்த மரியாதையோடு, ஏணி எடுத்துக் கொடுப்பவரைப் போல ஒரு வழி காட்டினார்.

“அன்னிக்குக் காத்து கொஞ்சம் கம்மியா இருந்திருக்குமோ, ஐயா?”

மிக்கியால் ஆம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காற்று இல்லையேல் கப்பல் ஏன் ஒதுங்கியது? கப்பல் ஒதுங்காவிட்டால் பந்து ஏது? புராணத்தின் முதல் அடியே பெருங்காற்றுத்தான். அதை உருவினால் பாதிரியார்வரை எல்லாம் சரிந்துவிடும். அவரும் நேர்மையான மனிதர்.

“இதவிட ஜாஸ்தி, தம்பி,” என்றார்.

“அப்ப யாரு பிடிச்சா?”

கேட்டவர் தூரி. குரலில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. கடையில் சர்க்கரை வேண்டுமா என்று கேட்கும் அதே குரல். ஊர் முழுவதும் தலையைத் திருப்பியது. நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கதையைக் கேட்ட காதுகள் அத்தனையும் அங்கே இருந்தன. அத்தனை பேரும் அந்தப் பந்து அந்தக் காற்றில் அசையாமல் நின்றதாகவே கற்பனை செய்திருந்தார்கள். ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றியதில்லை.

தூரி பதிலைத் தாமே சொன்னார். தம் முப்பாட்டன் ஓலவுர் அன்று ஹோல்நெஸிலிருந்து படகில் வந்து, இந்தப் புல்லில் குப்புறப் படுத்துப் பந்தைப் பிடித்தார் என்றும், அவருடைய வலக்கைச் சுட்டுவிரல் சாகும்வரை கோணலாகவே இருந்தது என்றும், அந்த விரலைப் பற்றி ஹோல்நெஸில் தெரியாதவர் இல்லை என்றும் விளக்கினார். அப்புறம் மிக்கியாலைப் பார்த்தார்.

“உங்க ஆளு மொதல்ல உதைச்சது பந்த இல்ல, மேட்டுவீட்டாரே. எங்க ஆளு விரல.”

“இத்தன வருஷமா ஏன் சொல்லல?”

“நீங்க பேசி முடிக்கல.”

சொல்லிவிட்டு, கடை மேலங்கியோடு அப்படியே புல்லில் படுத்து, விரலைப் பந்தின் மேல் வைத்தார். பந்து நின்றது. “உதைங்க,” என்றார்.

மிக்கியாலின் நிலையை எண்ணிப் பாருங்கள். உதைத்தால், பிடித்தவர் இல்லாமல் உதை இல்லை என்பது படத்தோடு நிலைபெற்றுவிடும். கல்லில் ஓலவுரும் வந்து உட்காருவார், அதுவும் ஒரே பெயருக்குத்தான் இடம் என்ற கல்லில். உதைக்காவிட்டால் கல்லே இல்லை. தைதூரின் படகுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊராரின் கண்கள் ஆட்டத்திடலின் பக்கம் போய்ப்போய் வந்தன. பழைய காவியங்களில் இத்தகைய நெருக்கடியில் தலைவனுக்கு ஓர் அசரீரி கேட்கும். மிக்கியாலுக்குக் கேட்டது ரக்னாவின் குரல்தான். ஆட்டம் தொடங்கப்போகிறது, சீக்கிரம் ஆகட்டும் என்றது.

அவர் நடந்து வந்தார். பந்தின் அருகே நின்றார். வெள்ளிப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகப் புல்லைத் தொட, பந்தின் மறுபக்கத்தில் குப்புறப் படுத்துத் தம் விரலையும் அதன் மேல் வைத்தார்.

“பிடிச்சது எங்க ஹானுஸ்தான்,” என்றார்.

தூரி பந்துக்கு மேலாக அவரைப் பார்த்தார். “நேத்து வரைக்கும் உதைச்சாரே?”

“நேத்து வரைக்கும் யாரும் கேக்கல.”

“அப்ப உதைச்சது யாரு?”

“யாரோ ஒருத்தர். அதா முக்கியம்?”

ஒரு குலத்தின் மெய்க்கீர்த்தி ஒரு மூச்சில் திருத்தி எழுதப்பட்டதை ஊர் கண்டது. ஆதியாளரைப் பற்றி நீங்கள் அறிந்துகொள்ள வேண்டிய அனைத்தும் அந்த மூச்சில் இருக்கிறது. அவருக்கு உண்மை வேண்டியதில்லை, பொய்யும் வேண்டியதில்லை, முதலிடம் வேண்டும். முதலிடம் புல்லுக்குப் பெயர்ந்தால் அவரும் புல்லுக்குப் பெயர்வார்.

அந்தத் தீவுகளின் வரலாற்றில் எந்தப் பந்தும் அவ்வளவு உறுதியாக நின்றதில்லை. இரண்டு முதியவர்கள் இரு பக்கமும் படுத்திருக்க, காற்று அவர்களுடைய தலைமுடியை மட்டும் கலைத்தது. உதைக்க ஆளில்லை. தைதூர் கூட்டத்தை நோக்கினார். கூட்டம் பல் மருத்துவரை நோக்கியது. பல் மருத்துவர் வானத்தை நோக்கினார். உதைப்பவர் எந்தப் பக்கத்து விரலைச் சற்று அதிகமாக மதித்தார் என்ற பேச்சு பேரப்பிள்ளைகள் காலம்வரை ஓடும் என்பதை அவர்கள் அறிவார்கள். பேருந்து ஓட்டுபவர் தமக்கு இலக்கைக் காக்கத்தான் தெரியும் என்று முணுமுணுத்தார். ஒருவர் கழுத்தை நீட்டித் திடலைப் பார்த்து, எதிரணி இறங்கிவிட்டது என்றார்.

ரக்னா காப்பிக் குடுவையைப் புல்லில் வைத்தார், காற்றில் ஆறாமலிருக்க அதன்மேல் கம்பளிக் கையுறையைச் செருகினார், தலைத்துண்டை இறுக்கினார். பின்வாங்கவில்லை. ஓடிவரவும் இல்லை. நடந்து போகிற போக்கில், ரப்பர் காலணி அணிந்த வலக்காலால், பல்லாண்டுக் காப்பி அனைத்தையும் சேர்த்து ஓர் உதை விட்டார்.

கூட்டம் கத்திற்று. தைதூரின் படக்கருவி சொடுக்கிற்று. புல்லில் முகம் புதைந்திருந்த மிக்கியாலுக்கு அந்த ஆரவாரம் மட்டும் கேட்டது. செவிக்குப் பழகிய ஆரவாரம்தான்.

“சுவரத் தாண்டிச்சா?” என்று புல்லுக்குள்ளிருந்தே கேட்டார்.

“நீ பாக்கலயா?” என்றார் ரக்னா.

“எப்பப் பாத்திருக்கேன்?”

ரக்னா கையைக் கொடுத்து அவரை எழுப்பி, வெள்ளிப் பொத்தான்களில் ஒட்டியிருந்த சேற்றைக் கையுறையால் துடைத்தார். “தாண்டிச்சு. நல்லாவே தாண்டிச்சு. வா, இன்னிக்கு ஒக்காந்து பாக்கலாம்.”

பந்து கல்லறைத் தோட்டத்தில் விழுந்தது. திரும்பி வரவில்லை, பாதிரியார் முன்பே ஆட்டத்துக்குப் போயிருந்தார்.

இலையுதிர் காலத்தில் கல் வந்து சேர்ந்தது. தைதூர் அறிவாளி. அதில் ஒருவர் பெயரும் இல்லை. ‘இங்கே பந்து அசையாமல் நின்றது’ என்று மட்டும் செதுக்கப்பட்டிருந்தது. மிக்கியால் கல்லைச் சுற்றி வந்தார்; பின்பக்கத்தையும் பார்த்தார்; பிறகு, நிற்க வைத்தது யார் என்று வருவோரிடம் கேட்கத் தொடங்கினார். இப்போது புராணத்தில் ஹானுஸ் குப்புறப் படுத்திருக்கிறார். பாதிரியார் வழக்கம்போல ஒற்றைக் காலில் நிற்கிறார். அக்கரைக் கடையிலோ, பிடித்தவரின் இடம் பறிபோனதைக் கண்ட தூரி, அன்று உதைத்தவரே ஓலவுர்தான் என்றும், கோணலானது கைவிரலன்று, கால்விரல் என்றும் சில்லறை கொடுக்கும்போது சொல்லிவருகிறார். இரண்டு ஊர்களும் தத்தம் கதையை நம்புகின்றன. இரண்டுக்கும் பொதுவான படம், ஒரு மூதாட்டி இருவர் நடுவே ரப்பர் காலணியோடு நடந்து போவது, விழாப் புத்தகத்தில் இருக்கிறது. அன்றைய உதையைப் பற்றி ரக்னாவைக் கேட்டால், பிற்பகல் ஆட்டத்தில் இரண்டுக்கு ஒன்று என்று வென்றோம், இரண்டையும் இவர் பார்த்தார் என்பார்.

வாசகரே, இத்தனை நேரமும் மிக்கியாலைப் பார்த்துச் சிரித்தீர்கள். நல்லது. ஆனால் படித்துக்கொண்டு வருகையில், கால்பந்து கிடக்கட்டும், நம் தெருவில் முதல் தொலைக்காட்சி யார் வீட்டுக்கு வந்தது, நம் குடும்பத்தில் முதன்முதல் விமானம் ஏறியது யார், இந்தப் பலகாரத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது யாருடைய மாமியார் என்று ஓரிடத்திலாவது உள்ளம் ஒதுங்கவில்லையா? நாளை இதை நண்பரிடம் சொல்லும்போது, இப்படிப்பட்ட ஆட்களைப் பற்றி முதலில் கவனித்துச் சொன்னவன் நான்தான் என்று தொடங்கப் போவதில்லையே? அப்படியொரு எண்ணம் இருந்தால் வெட்கப்பட வேண்டாம். காற்று இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பந்தின் மறுபக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து படுத்துக்கொள்ளுங்கள்.